மூன்று முறை அறுந்த கயிறு

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் கடையில் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறேன். வயது 41. குடியை விட கருப்பர் கோயிலில் மூன்று முறை கயிறு கட்டி, மூன்று முறையும் அறுத்துவிட்டுக் குடித்தேன். இப்போது டாக்டர் தரும் மாத்திரை, வாரம் ஒரு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு) கூட்டம். நான்கு மாதமாகத் தொடவில்லை. 'நம்மை மீறிய சக்தி ஒன்றை நம்பு' என்கிறார்கள். எனக்கோ சாமி என்றாலே பயம்தான் வருகிறது. நம்பிக்கை வராமல் குணமாகுமா?

பதில்: தம்பி, நான்கு மாதம்! அதற்கே மனம் குளிர்ந்துவிட்டது. கடிதத்தைப் படித்ததும் என் அண்ணன் ஞாபகம் வந்தது. அவரும் கயிறு கட்டி அறுத்தவர்தான்.

கயிறு கட்டி மீண்டவர்கள் உண்டு, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மனதில் சாமி, தவறினால் அரிவாளை ஓங்குகிறவராகவே பதிந்துவிட்டார். தவறியதும் அவமானம், அதை மறக்க மறுபடி பாட்டில். அது நோயின் வேலை, தம்பி. கருப்பர் கொடுத்த தண்டனை இல்லை.

அண்ணன் முதல் ஒரு வருஷம் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. கூட்டத்தில் டீ போடுவது அவர் பொறுப்பு. கொண்டுபோய் விட நான் போவேன். ஆரம்பத்தில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது கை நடுங்கி ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், பன்னிரண்டு டம்ளரும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. "யாரை நம்பிண்ணே விட்டீங்க?" என்று கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிச்சாலும் எடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரே, அவரை" என்றார். அப்போதைக்கு அவருக்கு மேலான சக்தி அதுதான். பிள்ளையார்பட்டிக்குப் போனதெல்லாம் அப்புறம், தானாக.

ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. கடவுளை நம்பாதவர்களும் ஆரம்பத்திலேயே அதில் இருந்தார்கள். அவர்கள் வற்புறுத்தியதால்தான், குடியை விட ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் மூன்றாம் படியில் 'நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்' என்று வந்தது. இரண்டாம் படியில் 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கூட்டமே உங்களைவிடப் பெரிதுதானே? தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கால் கொப்புளித்தவரையும் கூட வருகிறவர்கள் பேச்சுக் கொடுத்தே நடத்திக் கூட்டிப் போவார்கள். இப்போதைக்கு அந்த அளவு நம்பிக்கை போதும். நாலாவது கயிறு மட்டும் வேண்டாம். இன்றைக்குக் குடிக்கவில்லை என்பதோடு படுத்துத் தூங்குங்கள்.

நம்பிக்கையைவிட எனக்கு உங்கள் வேலைதான் கவலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறீர்கள்? நாள் முழுக்க அந்த வாடை மூக்கில் ஏறினால் ஆசை கிளம்பும். அதோடு, நீங்கள் சாப்பிடுவது டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரை) என்றால், ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான் என்பதால் அதன் ஆவியே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். அதுவரை உப்புத்தாள் தேய்க்கிற வேலையைத் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தயக்கமாக இருந்தால், கூட்டத்தில் மூத்தவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். நிச்சயம் வருவார்.