போர்க்கதையில் ராணுவச் சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர் நாவல்களை ஆசையோடு எடுக்கிறேன், ஐம்பது பக்கம் தாண்டுவதில்லை. பிளட்டூன், மார்ட்டர், கவரிங் ஃபயர் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பதே பிடிபடுவதில்லை. இவற்றைக் குறைத்து எழுதக் கூடாதா? கடைசியில் ஓர் அருஞ்சொற்பட்டியலாவது தரலாமே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மொழியை எடுத்துவிட்டால் அதைப் பேசும் வீரனும் கதையிலிருந்து போய்விடுவான். சொல்லைப் போட்டுவிட்டு, அதனால் என்ன நடக்கிறது என்று காட்டாமல் நகர்வதுதான் உங்களைத் தடுக்கிறது.

குண்டை வானில் உயரத் தூக்கி எறியும் குழாயான மார்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுடுபவர்களுக்கு இலக்கு பெரும்பாலும் கண்ணில் படாது. முன்னால் பதுங்கியிருப்பவர் வயர்லெஸ்ஸில் திருத்தம் சொல்வார். முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழுந்தால் “200 குறை”, அதாவது தூரத்தில் 200 மீட்டர். அடுத்தது முன்னாலேயே விழுந்தால் “100 கூட்டு”. பிறகு 50. இலக்கு பிடிபட்டதும், அதுவரை ஒவ்வொன்றாக வந்த குண்டுகள் சரமாரியாக விழும். இதையே குழிக்குள் கிடப்பவன் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள்: ஒன்று முதுகுக்குப் பின்னால் வெடித்தது, அடுத்தது முகத்துக்கு நேரே. இனி வரப்போவது எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியும். தொலைதூரத்துக்குச் சுட்ட குண்டு 20 நொடிக்கு மேலும் வானில் இருக்கலாம். அந்த 20 நொடிதான் கதை. பலர் ‘81 மி.மீ.’ என்று குழாயின் விட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

படைப்பிரிவுகளின் பெயரும் அப்படித்தான். செக்‌ஷன் என்றால் சுமார் 10 பேர், பிளட்டூன் 30 சொச்சம், கம்பெனி 100க்கு மேல். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. காலையில் தோட்டா பிரித்துக் கொடுக்கும்போது 32 பேர் வரிசையில் நிற்கட்டும், மாலையில் 19 பேர் நிற்கட்டும்.

ஒரு சார்ஜன்ட் இன்னொரு சார்ஜன்ட்டிடம் “மேகஸினில் 30 தோட்டா” என்று விளக்குவது மிக மோசமான உத்தி. இருவருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? நிமிடத்துக்கு 600 வீதம் சுடும் துப்பாக்கியில் புதிதாகச் சேர்ந்தவன் பயத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் மூன்றே நொடியில் மேகஸின் காலி. அடுத்ததை மாட்டக் கை நடுங்கும். வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடும். பட்டியலைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்வருவதற்குள் அந்தப் பதற்றம் போய்விடும், அதனால் பட்டியலில் எனக்கு உடன்பாடில்லை.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறொன்று. “இலக்கு நியூட்ரலைஸ் செய்யப்பட்டது” என்று அதிகாரி வயர்லெஸ்ஸில் சொல்லலாம், அவர் அப்படித்தான் பேசுவார். கதைசொல்லியும் அதையே சொன்னால் செத்தவருக்கு உடம்பே இல்லாமல் போகிறது. ராணுவத்தோடு தொடர்பில்லாத வாசகர் அதை ஒரு தகவலாகப் படித்துக் கடந்துவிடுகிறார். எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாமல் நீங்கள் புத்தகத்தை மூடியிருந்தால், தவறு எழுதியவருடையது.