கத்தவில்லை என்றால் சம்மதமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, என் தோழியை ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நேரத்தில் அவள் கத்தவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை, அப்படியே உறைந்துவிட்டாள். "அப்போ உனக்கும் இஷ்டம்தானே" என்று அவள் அண்ணனே கேட்கிறான்.

பதில்: இல்லவே இல்லை. பயத்தில் கைகால் மரத்து, குரல் எழாமல் போவது சகஜம். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவே சொல்கிறது. இந்த வரி லேசில் வரவில்லை. 1972இல் மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளானாள், ஆனால் உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்துவிட்டது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது, அப்புறமும் பழைய சட்டத்தில் இந்த விளக்கம் வர 2013 ஆகிவிட்டது. அவள் ஏன் கத்தவில்லை என்று கேட்கும் அண்ணன், அந்த ஆள் அவளிடம் சம்மதம் கேட்டானா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

கேள்வி: மேடம், இது எங்கள் எல்லை இல்லை என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்தே ஆக வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும், நகல் இலவசம். பதிய மறுப்பதே அந்த அதிகாரி மேல் வழக்குப் போடக்கூடிய குற்றம். புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பெண்கள் உதவி எண் 181க்கும் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் குளித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்கிறார்கள்.

பதில்: அம்மா, குளித்திருந்தாலும் பரவாயில்லை, இன்றே போங்கள். கர்ப்பத்தையும் எச்.ஐ.வி.யையும் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் தண்டனை உண்டு. அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை செய்ய வந்தால் கண்டிப்பாக மறுங்கள், அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: கணவர் என்றால்?

பதில்: மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால் சட்டம் அதை வன்புணர்ச்சி என்று ஏற்பதில்லை. பெரிய அநியாயம் இது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும், பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

கேள்வி: வழக்குப் போட்டு யார்தான் ஜெயித்தார்கள்?

பதில்: தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமமான வாச்சாத்தியின் பெண்கள் ஜெயித்தார்கள். 1992இல் 18 பேரைச் சீரழித்தவர்கள் அரசு ஊழியர்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வரும்போது உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள், 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரி, 31 வருடம் காக்க வைத்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், முதலில் அங்கே போய் ஒரு மனு கொடுங்கள்.