வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறீர்களா? சான்றிதழ், உதவித்தொகை: கேள்வி பதில்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை பதில் சொல்கிறார்.

டீச்சர், நாங்கள் இருளர். செங்கல் சூளையில் வேலை. பையன் பாஸாகிவிட்டான், சாதிச் சான்றிதழ்தான் இல்லை. தாலுகா ஆபீசுக்கு அலைகிறோம்.

பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது தாசில்தார் இல்லை அம்மா. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். பெரியப்பா, சித்தப்பா வீட்டில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் அதன் நகலையும் சேர்த்து வையுங்கள். விசாரணைக்கு ஆள் வரும்போது நீங்கள் சூளையில் இருப்பீர்கள், வீடு பூட்டியிருக்கும். பல மனுக்கள் அங்கேதான் நின்றுபோகின்றன. பக்கத்து வீட்டில் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள். என்னிடம் படித்த ஒரு பெண், நல்ல மார்க் இருந்தும் இந்த ஒரு காகிதம் வராமல் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் உங்கள் குடியிருப்பில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து இப்போதே மனுப் போட்டுவிடுங்கள்.

அக்கா பி.ஏ. முடித்துவிட்டாள். இன்ஜினியரிங் சேர எனக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டா?

இல்லை தம்பி. ஆனால் நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினராக இருந்து, வீட்டு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதற்கு அக்கா படிப்பு தடையில்லை.

நாங்கள் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர். எங்களுக்கு?

இட ஒதுக்கீட்டில் உங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைப்பார்கள். உதவித்தொகை அப்படியில்லை, தமிழக அரசு உங்களுக்கும் தருகிறது. இது தெரியாமலேயே கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. வேறு உதவித்தொகை வாங்கினால் புதுமைப்பெண் பணம் நின்றுவிடுமா?

நிற்காது. 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை வரும். மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே வாங்கலாம். பையன்களுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. வங்கிக் கணக்கு மட்டும் மகள் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும்.

வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். ஒன்றும் புரியவில்லை, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது.

வேண்டாம் கண்ணு, முதல் செமஸ்டரைத் தாண்டு. அன்றன்றைக்கு நடந்த பாடத்தை அன்று இரவே தமிழில் உன் வார்த்தையில் எழுதிப் பார். புரியாத சொல்லை மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேள். அரியர் விழுந்தால் விழட்டும், எழுதிக்கொள்ளலாம். டி.சி. மட்டும் வாங்கிவிடாதே.