பாரசீகப் பட்டுக்காகக் கட்டிய ஊர்

கேள்வி: ஹாம்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகன், ஜெர்மனியை விட்டு நகராமலே ஹாலந்தைப் பார்த்துவிடலாம் என்று ஃபிரீட்ரிஷ்டாட் என்ற ஊருக்கு அழைக்கிறான். அங்கே அப்படி என்ன இருக்கிறது? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வது மிகையில்லை, அந்த ஊரைக் கட்டியவர்களே ஹாலந்துக்காரர்கள்தாம். ஜெர்மனியின் வடகோடியில், ஐடர், ட்ரேனே என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையே 1621-இல் அதை நிறுவியவர் அப்பகுதியை ஆண்ட கோட்டார்ப் கோமகன் மூன்றாம் ஃபிரீட்ரிஷ். சமயச் சர்ச்சையில் தோற்று 1619-இல் தாய்நாடான ஹாலந்திலிருந்து விரட்டப்பட்ட ரெமான்ஸ்ட்ரன்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினருக்கு வழிபாட்டு உரிமை தருவதாகச் சொல்லி அவர் வரவழைத்தார். அதில் இரக்கத்தைவிட வணிகக் கணக்கே அதிகம் என்பது என் எண்ணம். ரஷ்யா வழியாகப் பாரசீகப் பட்டை இறக்கி, இங்கிருந்து ஐரோப்பாவெங்கும் விற்க அவர் ஆசைப்பட்டார். அதற்காக அனுப்பிய தூதுக்குழு 1637-இல் பாரசீகத் தலைநகர் இஸ்பஹானை அடைந்து, வெறுங்கையுடன் 1639-இல் திரும்பியது. குழுத் தலைவர்களில் ஒருவரான ஹாம்பர்க் வணிகர் ஓட்டோ ப்ரூக்மன், பயணத்தில் செய்த முறைகேடுகளுக்காக மறு ஆண்டே மரண தண்டனை பெற்றார். இதற்குள் சொந்த நாட்டில் கெடுபிடி தளர்ந்திருந்ததால், வந்த ஹாலந்துக்காரர்களிலும் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

பட்டு வரவில்லை என்றாலும், கோமகன் அளித்த சலுகை நிலைத்தது. லூத்தரன் சபையார், மென்னோனைட்டுகள், கத்தோலிக்கர், யூதர் என்று பல சமயத்தார் இங்கே அடுத்தடுத்துக் குடியேறினார்கள். ஜெர்மனியில் ரெமான்ஸ்ட்ரன்ட் தேவாலயம் இன்றும் இங்கே மட்டும்தான் இருக்கிறது. 1845-இல் எழுந்த யூத ஜெபக்கூடத்தை 1938-இல் நாஜிகள் சூறையாடினார்கள். இன்று அது பண்பாட்டுக் கூடமாக இயங்குகிறது.

1850-இல் ஊருக்குள் இருந்த டேனியப் படையை விரட்ட, டென்மார்க் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் வட்டாரப் படையினர் பீரங்கியால் சுட்டதில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஆயினும் சந்தைச் சதுக்கத்தின் மேற்கு வரிசையில், படிக்கட்டைப் போல உச்சி நோக்கி ஏறும் செங்கல் முகப்புகளுடன் பழைய வீடுகள் தப்பி நிற்கின்றன. கதவு எண்கள் இல்லாத காலத்தில் வீட்டை அடையாளம் காட்டிய செதுக்குக் கற்கள் பல வாசல்களின் மேல் இருப்பதால், அண்ணாந்து பார்த்தபடியே நடங்கள். 1637-இல் கட்டிய பலுடானுஸ் இல்லத்தையும் தவறவிட வேண்டாம்.

ஹாம்பர்க்கிலிருந்து வெஸ்டர்லாண்ட் செல்லும் ரயில் பாதையிலேயே நிலையம் உண்டு. கால்வாயில் படகுச் சவாரியும் இருக்கிறது. பாலங்கள் தாழ்வானவை, அடியில் நுழையும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.