"நீங்க கட்டவேண்டியது 13,000 மட்டும்"னு எழுதியிருக்க பேப்பர எப்படி படிக்கறது

அக்கா, பாப்பா சேரப்போற எஞ்சினியரிங் காலேஜ்னு நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புன பேப்பர நிதானமா படிச்சேன். சனிக்கிழமைக்குள்ள 10,000 அட்வான்ஸ் கட்டலன்னா சீட் போயிடும்னு அந்தக் காலேஜுக்கு ஆள் சேக்கற ஆளு சொன்னாரு, கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், அண்ணனையும் பக்கத்துல உக்கார வெச்சு படிங்க.

அந்தப் பேப்பர்ல மேல என்ன இருக்கு? டியூஷன் 85,000, இதர கட்டணம் 20,000, பஸ் 35,000, மொத்தம் 1,40,000. கீழ "உங்களுக்கான உதவி"ன்னு ஒரு கட்டம் போட்டு காலேஜ் ஸ்காலர்ஷிப் 30,000, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் 25,000, புதுமைப் பெண் 12,000, பேங்க் லோன் 60,000னு எல்லாத்தையும் கூட்டி 1,27,000னு காட்டி, மிச்சம் 13,000 மட்டும்தான் நீங்க கட்டணும்னு பெரிய எழுத்துல போட்டுட்டாங்க. பாத்தா மனசு குளுந்துடும். ஆனா அந்த நாலும் ஒரே மாதிரி காசு இல்ல அக்கா, ஒண்ணா கூட்டவே கூடாது. பில்லுல இருந்து கழியற காசு வேற, பின்னாடி கைக்கு வர்ற காசு வேற, திருப்பிக் கட்டவேண்டிய காசு வேற.

லோன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் பெரிய தொகை. லோன் உதவி இல்ல, கடன். அதையும் காலேஜ் குடுக்கப்போறது இல்ல, பேங்க் குடுக்கணும், பேங்க் இன்னும் உங்க மூஞ்சியவே பாக்கல. வருஷத்துக்கு 60,000னா நாலு வருஷத்துல 2,40,000 பாப்பா தலைல நிக்கும்.

அடுத்து ஃபர்ஸ்ட் கிராஜுவேட். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்கன்னு யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரின்னு சர்டிபிகேட் வாங்கலாம், அத வெச்சு எஞ்சினியரிங்ல வருஷம் 25,000 டியூஷன்ல கழியும், வருமானம், ஜாதி எதையும் பாக்கமாட்டாங்க. பெரியவன் டிப்ளமோ தானே படிச்சிருக்கான், அது டிகிரி இல்ல, அதனால பாப்பாவுக்கு தாராளமா கெடைக்கும். ஆனா இது அரசு கவுன்சிலிங் வழியா வர்ற சீட்டுக்கு மட்டும்தான்க்கா. அந்த ஆளு உங்களுக்கு விக்கப் பாக்கறது மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கவுன்சிலிங் இல்லாம காலேஜே நேரா குடுக்கற சீட்டு. அதுல சேந்தா இந்த 25,000 கெடையாது. அவருக்கு இது தெரியாம இருக்காது, தெரிஞ்சேதான் கட்டத்துல எழுதியிருக்காரு.

காலேஜ் ஸ்காலர்ஷிப் 30,000க்கு பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கு பாருங்க, போட்டோவ பெருசாக்கிப் பாத்தாதான் தெரியும், கடைசி வரில "முதலாம் ஆண்டு மட்டும்"னு இருக்கு. புதுமைப் பெண்ணுங்கறது காலேஜ் போற பொண்ணுங்களுக்கு அரசாங்கம் குடுக்கற மாசம் 1,000, உண்மையான காசு, ஆனா அது பாப்பாவோட பேங்க் கணக்குக்கு மாசாமாசம் வர்றது, காலேஜ் பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. (2022ல ஆரம்பிச்ச இந்தத் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரு, மூவலூர் நம்ம மாயவரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு, நம்ம ஊரு பொண்ணுங்கள்லயே நெறைய பேருக்கு தெரியாது.) அந்த ஆயிரம் நோட்டுக்கும் செருப்புக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியா இருக்கும், அதுலயும் கைய வெக்காதீங்க.

இப்ப கணக்க திருப்பிப் போடுங்க. மொத வருஷம் 1,40,000ல கழியறது 30,000 மட்டும், ஆக 1,10,000. அடுத்த மூணு வருஷமும் முழுசா 1,40,000. ஃபீஸ ஏத்தவே இல்லன்னு வெச்சிக்கிட்டாலும் நாலு வருஷத்துக்கு 5,30,000. அந்த 13,000 எங்க, இது எங்க.

கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கெடைக்காதான்னு அண்ணன் கேட்டாராம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா அந்த ஒதுக்கீட்டுல சீட் வாங்கலாம், டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிடும், அத விட நல்ல உதவி ஏழை வீட்டுக்கு வேற இல்ல. பாப்பா எட்டாவது வரைக்கும் எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) ஸ்கூல்ல படிச்சிடுச்சு, அங்கதான் மாட்டுது. எய்டட் ஸ்கூல் இதுல சேராது. புதுமைப் பெண் மட்டும் பின்னாடி எய்டட் ஸ்கூல் தமிழ் மீடியத்துக்கும் விரிவாக்கிட்டாங்க, அதனால அது வரும். உங்க கொழுந்தனார் பொண்ணு இப்ப பத்தாவது கவர்மென்ட் ஸ்கூல்ல தானே, அவள தயவுசெஞ்சு நடுவுல பிரைவேட்டுக்கு மாத்தவேண்டாம்னு சொல்லுங்க.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கேட்டிருந்தீங்க. எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு வீட்டு வருமானம் வருஷம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் (பத்தாவதுக்கு மேல படிக்கறவங்களுக்கானது) இருக்கு. அதுல ஒரு விஷயம் முக்கியம், மத்திய அரசு பங்கு (எஸ்சிக்கு 60 சதவீதம்) நேரா பிள்ளையோட கணக்குக்கே வருது. அது வீட்டுக்கு வந்த காசு இல்ல, காலேஜ் ஃபீஸ். அந்த நேரம் பாத்து உரக்கடைல பாக்கி நிக்கும், எடுத்துக் குடுத்துடுவாங்க, அப்பறம் காலேஜ்ல ஹால் டிக்கெட்ட நிறுத்திவெச்சா அழுவாங்க. வர்ற அன்னிக்கே காலேஜ்ல கட்டி ரசீது வாங்கிடச் சொல்லுங்க.

எந்த ஸ்காலர்ஷிப்பா இருந்தாலும் கணக்குல ஆதார் சீடிங் (அரசாங்கப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வரணும்னு ஆதாரோட இணைக்கறது) இருக்கான்னு பாக்கணும். பாஸ்புக்ல ஆதார் நம்பர் இருக்குறது பத்தாது. ஸ்கூல்ல படிக்கறப்ப ஆரம்பிச்ச ஜீரோ பேலன்ஸ் கணக்குலயே சீடிங் நின்னுபோயி, அந்தக் கணக்கு தூங்கிட்டிருக்க, பணம் வரலன்னு ஆபீஸ் ஆபீஸா அலையற பிள்ளைங்கள வருஷா வருஷம் பாக்கறேன். பேங்க்ல போயி "எந்தக் கணக்குக்கு டிபிடி (அரசாங்கம் நேரா போடற பணம்) வரும்"னு கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

சரி, காசு எப்ப வேணும்? இதுதான் நம்ம பக்கம் பெரிய கஷ்டம். மேட்டூர் தொறந்து தண்ணி வந்து, நாத்து விட, நடவு ஆளு கூலின்னு கைல இருக்கறது எல்லாம் வயல்ல எறங்கியிருக்கற ஆடி ஆவணிலதான் காலேஜ்ல மொத ஃபீஸ் கேப்பாங்க. சம்பா அறுத்து கொள்முதல் நெலையத்துல போட்டு காசு பாக்க தை மாசி ஆயிடும். நடுவுல இருக்கற இந்த அஞ்சாறு மாசத்துக்குத்தான் நம்மாளுங்க குழு லோன், நகை, கந்துவட்டின்னு போறாங்க. அதுக்கு முன்னாடி கல்விக்கடன பாத்துடுங்க. 4 லட்சம் வரைக்கும் அடமானமும் கேக்கக்கூடாது, நம்ம கைக்காசும் போடவேண்டாம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கெடையாது. வீட்டு வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்து, காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ கோர்ஸுக்கு என்பிஏ அங்கீகாரமோ (ரெண்டும் தரச் சான்று) இருந்தா அந்தக் காலத்து வட்டிய மத்திய அரசே கட்டற திட்டம் இருக்கு. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணுங்க. கவுன்சிலிங்ல மெரிட்ல வந்த சீட்டுன்னா பேங்க்ல பேச்சு சுலபம், மேனேஜ்மென்ட் சீட்டுன்னா மேனேஜர் மொகமே மாறிடும். அண்ணன் பேர்ல பழைய பயிர்க்கடன் பாக்கி இருந்தா மறைக்காம மொதல்லயே சொல்லிடுங்க. முடியாதுன்னா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, அந்தப் பேப்பரோட கலெக்டர் ஆபீஸ்ல நடக்கற கல்விக்கடன் முகாமுக்குப் போலாம், முன்னோடி வங்கி மேலாளர் (மாவட்டத்துல எல்லா பேங்கையும் ஒருங்கிணைக்கறவரு) அங்க இருப்பாரு.

கவுன்சிலிங்ல பேர் பதிஞ்சாச்சுன்னு சொன்னீங்க. அப்ப ரேங்க் வரட்டும். சாய்ஸ் குடுக்கறப்ப செங்கிப்பட்டி கவர்மென்ட் காலேஜ், திருக்குவளை, பட்டுக்கோட்டைல இருக்கற அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ் இதெல்லாம் மேல போட்டுட்டு அப்பறம் பிரைவேட்டுக்குப் போலாம். பில்டிங் பளபளன்னு இருக்காது, ஃபீஸும் அந்தளவுக்கு இருக்காது, என்னக் கேட்டா கடன் இல்லாம படிக்கற சுமாரான காலேஜே மேல்.

அந்த ஆளு திரும்ப போன் பண்ணா நாலு வருஷ ஃபீஸையும் வருஷவாரியா லெட்டர்பேட்ல எழுதி சீல் வெச்சுத் தரச் சொல்லுங்க, ஸ்காலர்ஷிப்புக்கு அரியர் இருக்கக்கூடாதா, எத்தன வருஷம்னு அதுலயே எழுதச் சொல்லுங்க. முக்கியமா டிசி, மார்க் ஷீட் ஒரிஜினல மட்டும் குடுத்துடாதீங்க. சர்டிபிகேட்ட பாத்துட்டு திருப்பிக் குடுக்கலாமே ஒழிய, வெச்சிக்கக்கூடாதுன்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லயே சொல்லியாச்சு.

இன்னிக்கு ஒரு வேலைதான், இ-சேவைல போயி முதல் பட்டதாரி சர்டிபிகேட்டும் வருமான சர்டிபிகேட்டும் போட்டுடுங்க. விஏஓ வயல் பக்கம் அளவைக்குப் போயிட்டா நாளு இழுக்கும், அண்ணன காலைலயே போய் பாத்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. ரேங்க் வந்ததும் எனக்கு அனுப்புங்க, சாய்ஸ் லிஸ்ட ஒண்ணா உக்காந்து போடுவோம்.