தோபா ஏரியில் பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் பினாங்கிலிருந்து மேடான் வழியாகச் சுமத்ராவின் தோபா ஏரிக்குப் பிள்ளைகளோடு போகிறோம். அது 'சூப்பர் எரிமலை' என்கிறார்களே, ஏரிக்குள் இருக்கும் சமோசிர் தீவில் மூன்று நாள் தங்கலாமா?

பதில்: தாராளமாகத் தங்குங்கள். நீங்கள் பயப்படும் வெடிப்பு சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 2,000 கன கிலோமீட்டருக்கும் அதிகமான மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) வெளியேறியதும், தாங்க ஒன்றுமில்லாமல் மேல்நிலம் இடிந்து உள்ளே விழுந்தது. 100 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும் கொண்ட அந்தப் பள்ளத்தில்தான் ஏரி நிற்கிறது. சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரம் வரை படிந்தது. பிறகு அடியிலிருந்து மாக்மா முட்டித் தள்ளியதில் ஏரியின் தரையே எழும்பிச் சமோசிர் ஆனது. அதனால்தான் தீவின் மேட்டில் ஏரி வண்டல் கிடக்கிறது. கீழே இன்னும் சூடு உண்டு, பங்குருரான் வெந்நீர் ஊற்றுகளே சாட்சி. ஆனால் அத்தனை பெரிய வெடிப்புக்கு முன் நிலம் உப்ப வேண்டும், நிலநடுக்கங்கள் அதிகமாக வேண்டும்; சொல்லாமல் வராது.

சினாபுங் மட்டும் வேறு கதை. பெராஸ்தாகி ஊர்ப் பக்கமுள்ள அந்த மலை தோபா பள்ளத்துக்கு வெளியே நிற்கும் தனி எரிமலை. பல நூறு ஆண்டு தூங்கி 2010-இல் விழித்தது. 2016 மே மாதம் அது வெடித்ததில் காம்பெர் கிராமத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் கிராமம் அப்போதே தடைசெய்யப்பட்டிருந்த பகுதி. "பக்கத்தில் போய்ப் போட்டோ எடுக்கலாம், எனக்கு வழி தெரியும்" என்று டிரைவரோ புரோக்கரோ சொன்னால் இறங்கிவிடுங்கள். எரிமலை எச்சரிக்கை நிலைகள் நான்கு, ஆபத்து கூடும் வரிசையில்: நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். அரசின் எரிமலைக் கண்காணிப்புத் தளமான 'மேக்மா இந்தோனேசியா'வில் புறப்படும் நாளன்று பாருங்கள். ஹோட்டல்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

என் கவலை படகைப் பற்றித்தான். ஏரி 500 மீட்டர் ஆழம். 2018 ஜூன் 18-இல் 'சினார் பாங்குன்' படகு, ஏற்ற வேண்டியதைவிடப் பல மடங்கு ஆட்களோடு கவிழ்ந்தது. பயணிகள் பட்டியலே இல்லாததால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சரியாகக்கூடச் சொல்ல முடியவில்லை. படகு 450 மீட்டர் அடியில் கிடக்கிறது. ஒரு பெயர்ப் பட்டியல் எழுத வைக்க இத்தனை உயிர் தேவையா?

அஜிபாத்தா படகுத்துறையிலிருந்து வண்டிகள் ஏற்றும் பெரிய படகில் போங்கள். கூரையில் ஆள் ஏறியிருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். உயிர்காப்பு ஜாக்கெட் ஏறும்போதே பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும். பெரியவர் அளவு குழந்தைக்குத் தலைவழியே கழன்றுவிடும் என்பதால் சிறியதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். தண்ணீரே வேண்டாமென்றால் தீவைக் கரையோடு இணைக்கும் பங்குருரான் பாலம் வழியாகக் காரிலேயே தீவுக்குள் போகலாம், நேரம்தான் கூடும்.