படிப்பில் பின்தங்கியதால் நின்றுபோன அமெரிக்க நிதியுதவியைத் திரும்பப் பெற முடியுமா?

நியூ ஜெர்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகனுக்கு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.4 இருந்தும், கல்வி முன்னேற்றம் போதவில்லை என்று சொல்லிப் பெல் மானியத்தையும் (திருப்பித் தர வேண்டாத மத்திய அரசு உதவி) அரசுக் கடனையும் கல்லூரி நிறுத்திவிட்டதாகவும், இனி வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. உதவி நின்றதாகச் சொல்லும் இதே போன்ற மின்னஞ்சல் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் எனக்கும் வந்தது. அப்போது என் ஜிபிஏ 2.6.

ஜிபிஏ நன்றாகத்தானே இருக்கிறது என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் உதவி பெறுவோர் தொடர்ந்து எஸ்.ஏ.பி. (போதிய கல்வி முன்னேற்றம்) எனப்படும் விதியை நிறைவு செய்தாக வேண்டும். ஜிபிஏ அதில் ஓர் அளவுகோல் மட்டுமே. எடுத்த கிரெடிட்டுகளில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகுகளில்) எத்தனை விழுக்காட்டை முடித்தீர்கள் என்பது இரண்டாவது. பெரும்பாலான கல்லூரிகள் இதற்கு 67 விழுக்காடு கேட்கின்றன. மூன்றாவது கால வரம்பு: 120 கிரெடிட் பட்டப்படிப்புக்கு, எடுக்கும் கிரெடிட்டுகள் 180ஐத் தாண்டக்கூடாது. பாதியில் விட்ட பாடத்துக்கு விழும் டபிள்யூ (விலகல்) குறி, ஜிபிஏவைத் தொடுவதே இல்லை. ஆனால் இரண்டாவது கணக்கில் அது எடுத்து முடிக்காத பாடம்தான். தோற்ற பாடத்தை மறுபடி எடுத்துத் தேறினாலும், அந்தக் கணக்கில் இரண்டு முறையும் எடுத்ததாகவே நிற்கும். டபிள்யூ வாங்கினால் ஒன்றும் ஆகாது என்று எனக்குச் சொன்ன சீனியர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் யாரும் பெல் மானியத்தில் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் கணக்கு இப்படி இருந்தது. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து 15ஐயும் முடித்தேன். இரண்டாவது செமஸ்டர் நடுவில் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது; திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவரைக் காரில் அழைத்துப்போக வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. அந்த செமஸ்டரில் 15க்கு நான்குதான் முடிந்தது. மொத்தம் 30க்கு 19, அதாவது 63 விழுக்காடு. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கணக்குப் பார்க்கும் கல்லூரிகள் முதல் தடவை எச்சரித்துவிட்டு அடுத்த செமஸ்டருக்கு உதவியைத் தொடரலாம். எனக்கும் அந்த எச்சரிக்கை வந்திருக்கிறது, கல்லூரி மின்னஞ்சலை அந்தக் கோடையில் நான் திறக்கவே இல்லை. அடுத்த செமஸ்டரில் 12க்கு ஏழு. 42க்கு 26, 62 விழுக்காடு. உதவி நின்றது.

இந்த நிலையில் செய்ய வேண்டியது மேல்முறையீடு. நெருங்கிய உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், இவை போன்ற பிற சிறப்புச் சூழல்கள் தகுந்த காரணங்களாக ஏற்கப்படும். கடிதத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: ஏன் முடியவில்லை, இப்போது என்ன மாறியிருக்கிறது. நான் முதலில் எழுதிய இரண்டு பக்கமும் முதல் கேள்விக்கான விடையாகவே இருந்தன. அப்பாவின் கை வீங்கியது, அம்மா இரவெல்லாம் அழுதது என எல்லாம் எழுதியிருந்தேன். அனுப்புமுன் கல்வி ஆலோசகரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, கடைசிப் பத்தியிலிருந்த ஒரே ஒரு வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டார். “அம்மா டிசம்பரில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டார்” என்பதே அந்த வரி. “உன் கடிதம் இதுதான், மற்றதெல்லாம் முன்னுரை” என்றார்.

ஒரே பக்கத்தில் திரும்ப எழுதினேன். சிகிச்சை தொடங்கிய தேதியைக் குறிப்பிட்டு டயாலிசிஸ் மையம் தந்த கடிதம், அம்மாவின் லைசென்ஸ் நகல், அடுத்த செமஸ்டரில் எடுக்கப்போகும் நான்கு பாடங்களின் பட்டியல் ஆகியவற்றை இணைத்தேன். 12 கிரெடிட்டையும் முடித்தால் 54க்கு 38, அதாவது 70 விழுக்காடு வரும் என்ற கணக்கையும் நானே போட்டுக் காட்டினேன். ஒரு செமஸ்டர் சோதனைக் காலமாக (புரோபேஷன்) உதவி திரும்பக் கிடைத்தது. ஒரே செமஸ்டரில் எட்டிப் பிடிக்க முடியாத அளவு பின்தங்கியிருந்தால் மனம் தளர வேண்டாம். எடுத்துக்காட்டாக 60க்கு 30 என்று நிற்பவர் அடுத்த 12ஐ முழுதும் முடித்தாலும் 58 விழுக்காட்டைத்தான் தொடுவார். அத்தகையவருக்குக் கல்லூரி பல செமஸ்டர்களுக்கான படிப்புத் திட்டம் வகுத்து, அதன்படி நடக்கும்வரை உதவியைத் தொடர முடியும்.

மேல்முறையீட்டில் கல்லூரி சொல்வதே முடிவு. மத்தியக் கல்வித் துறையிடம் முறையிட இடமில்லை. ஆகவே முதல் கடிதத்தையே முழுமையாக எழுதுங்கள், கட்டணத்தின் கடைசித் தேதிக்கு வெகு முன்பே கொடுங்கள். மறுத்துவிட்டால், சொந்தப் பணத்தில் படித்து விழுக்காட்டை உயர்த்திய பிறகு மறுபடி தகுதி பெறலாம். ஒரு செமஸ்டர் சும்மா வீட்டில் இருந்தால் தகுதி தானாகத் திரும்பிவிடும் என்று சிலர் சொல்வது தவறு. கணக்கு விட்ட இடத்திலேயே நிற்கும், அரைநேரப் படிப்புக்கும் கீழே போனால் ஆறு மாதத்தில் கடன் தவணைதான் தொடங்கும். கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டாண்டுக் கல்லூரி) ஓரிரு பாடம் படித்து, அந்தக் கிரெடிட்டைத் தன் கல்லூரிக்கு மாற்றிக்கொள்வது சிக்கனமான வழி. ஏற்கப்பட்ட கிரெடிட் எடுத்ததிலும் முடித்ததிலும் சேரும். ஜிபிஏவை மட்டும் பெரும்பாலும் உயர்த்தாது. 2025-26இல் பெல் மானியத்தின் உச்சம் 7,395 டாலர் என்பதை நினைத்தால், கோடை விடுமுறையை இழப்பது பெரிதல்ல.

நீங்கள் பெற்றோர் என்பதால் இன்னொன்று. 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டப்படி மாணவரின் ஆவணங்கள் மாணவருக்கே உரியவை. அவர் எழுத்துமூலம் சம்மதிக்காதவரை அலுவலகம் உங்களிடம் பேசத் தயங்கும். நீங்கள் தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை. இன்று மாலை மகனை அருகில் உட்காரவைத்து, மதிப்பெண் பட்டியலைத் திறக்கச் சொல்லி, எடுத்ததையும் முடித்ததையும் இருவருமாகக் கூட்டிப் பாருங்கள். மேல்முறையீட்டுப் படிவம் எங்கே, கடைசித் தேதி எது என்று நிதியுதவி அலுவலகத்திடம் அவரே கேட்கட்டும்.